கில் சுவிட்ச்: பணம் கொடுக்கும் முன் இழுத்துப் பாருங்கள்

வாங்குவோர் கேள்வி-பதில்

கோடை தொடங்கினால் அமெரிக்காவில் உள்ள நம் வாசகர்களிடமிருந்து படகுக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை பாதிக்கு மேல் கில் சுவிட்ச் பற்றித்தான். படகு ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் எஞ்சினை உடனே அணைக்கிற சுவிட்சும், அதை அவர் உடம்போடு இணைக்கிற சுருள் கயிறும்.

*2014இல் கட்டிய 19 அடிப் படகு வாங்கினேன். சர்வீஸ் கடையில், "புதுச் சட்டப்படி வயர்லெஸ் கில் சுவிட்ச் போட்டே ஆகணும்" என்று சொல்லி 640 டாலர் வாங்கிவிட்டார்கள். உண்மையா? – சார்லட், வட கரோலினா*

உண்மையில்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். 26 அடிக்குக் குறைந்த, 115 பவுண்டுக்குக் குறையாத தள்ளுவிசை உள்ள (சுமார் 3 குதிரைத்திறன்) படகுகளில் கில் சுவிட்ச் பொருத்தித் தர வேண்டும் என்ற விதி 2019 டிசம்பரில் தயாரிப்பாளர்களுக்கு வந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் ஓட்டுபவர் கயிற்றை மாட்டியிருக்க வேண்டும் என்ற விதி வந்தது. சுவிட்சே இல்லாத பழைய படகில் புதிதாகப் பொருத்தச் சொல்லி கூட்டாட்சிச் சட்டம் எங்கும் கேட்கவில்லை. படகில் ஏற்கெனவே சுவிட்ச் இருந்தால் மட்டும் அதைப் பயன்படுத்தியாக வேண்டும். "சட்டப்படி கட்டாயம்" என்று ரசீதில் எழுதியிருக்கிறார்களா பாருங்கள். எழுதியிருந்தால் பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் கார்டு கம்பெனியிடமும், மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவிலும் புகார் கொடுங்கள். விட்டுவிடாதீர்கள்.

*கயிறு கையைக் கட்டிப்போட்டதுபோல் இருக்கிறது. ஸ்டியரிங்கிலேயே சுற்றிவைத்தால் போதாதா? – டாலஸ்*

போதாது. தண்ணீரில் விழப்போவது ஸ்டியரிங் இல்லை, நீங்கள். கையில் தொந்தரவென்றால் லைஃப் ஜாக்கெட்டில் மாட்டுங்கள். படகைக் கரையில் கட்டும்போதும், டிரெய்லரில் ஏற்றும்போதும், மீனுக்காக மெதுவாக ஊர்ந்து போகும்போதும் கூட்டாட்சி விதி கயிறு கேட்பதில்லை. படகு எழும்பித் தண்ணீர்மேல் வழுக்கிப் போகிற வேகத்துக்குத்தான் கேட்கிறது. டெக்சஸில் 2019 செப்டம்பரிலிருந்து மாநிலச் சட்டமும் இருக்கிறது.

*2021 மாடல், ஒருவரிடமிருந்து நேரடியாக வாங்கினேன். முதல் நாளே மகள் விளையாட்டாகக் கயிற்றை இழுத்தாள், எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. மெக்கானிக் டாஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தால் சுவிட்சின் வயரைத் துண்டித்துக் கருப்பு டேப் சுற்றியிருக்கிறார்கள். – டெட்ராய்ட் அருகே*

உங்கள் மகள் நல்ல வேலை செய்தாள். அந்த டேப்பைப் பிரிக்கும் முன் படம் எடுத்துவையுங்கள். மெக்கானிக்கிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள். சரிசெய்த செலவை விற்றவரிடம் கேளுங்கள், தரவில்லை என்றால் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. 2020 முதல் கட்டிய படகில் சுவிட்சை வேலை செய்யும் நிலையில் வைத்திருப்பது உரிமையாளர் கடமை, இப்போது அது உங்கள் தலையில். சரியாகும்வரை தண்ணீரில் இறக்காதீர்கள்.

இதைப் பற்றி எனக்குப் பல வருடக் கோபம் இருக்கிறது. ஓட்டுபவர் விழுந்ததும் ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆளில்லை. புரொப்பெல்லர் சுழலும் விசையே எஞ்சினை ஒரு பக்கம் திருப்பிவிடும். படகு எங்கோ போய்விடாது, வட்டமடித்து விழுந்தவரிடமே திரும்பி வரும். 2013 மே மாதம் இங்கிலாந்தின் பாட்ஸ்டோ அருகே ஒரு குடும்பம் முழுவதும் இப்படித் தண்ணீரில் விழுந்தது. தகப்பனும் ஒரு மகளும் இறந்தார்கள். கயிறு இருந்தது, மாட்டப்படவில்லை. இதெல்லாம் தெரிந்தும் வயரை வெட்டி டேப் சுற்றி இன்னொரு குடும்பத்துக்கு விற்பவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. டீலர்களும் குறைந்தவர்கள் இல்லை. ஸ்பீக்கரை அரை மணி நேரம் காட்டுவார்கள், கயிறு பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பெட்டிக்குள் கிடக்கும்.

நானும் ஏமாந்திருக்கிறேன். என் பழைய 17 அடிப் படகில் கயிறு தொலைந்திருந்தது. கயிற்றின் நுனியில் சுவிட்சோடு மாட்டுகிற கிளிப்பும் சேர்ந்து, எல்லா எஞ்சினுக்கும் பொருந்தும் என்று விற்ற மலிவு செட் ஒன்று வாங்கினேன். மாட்டினேன், எஞ்சின் ஓடியது, சரி என்று விட்டுவிட்டேன். இரண்டு மாதம் அப்படியே பிள்ளைகளோடு சுற்றினோம். பிறகு ஒருநாள் இழுத்துப் பார்த்தால் கிளிப் உடைந்து பாதி கையில், பாதி சுவிட்சிலேயே. எஞ்சின் நிற்கவில்லை. அன்றிலிருந்து எஞ்சின் கம்பெனியின் கிளிப் தவிர வேறு தொடுவதில்லை.

*ஆன்லைனில் படம் பார்த்து முன்பணம் கட்டிவிட்டேன். எந்த வருடம் கட்டியது, கில் சுவிட்ச் இருக்கிறதா, எப்படித் தெரிந்துகொள்வது? – அட்லாண்டா*

முன்பணம் கொடுக்கும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. படகின் பின்பக்க வலது மூலையில் 12 எழுத்து-எண் கொண்ட அடையாளம் இருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கடைசி நான்கு முக்கியம்: 'ஜி021' என்றால் 2020 ஜூலையில் கட்டிய 2021 மாடல். மீதிப் பணம் தரும் முன் நேரில் போய், எஞ்சினை ஓடவிட்டுக் கயிற்றை இழுங்கள். நிற்க வேண்டும். கிளிப் இல்லாமல் ஸ்டார்ட் ஆகவும் கூடாது.

*28 அடிப் படகுக்கும் இந்த விதி உண்டா? – டாம்பா*

இல்லை. ஆனாலும் மாட்டுங்கள்.

*மாட்டாமல் பிடிபட்டால் அபராதம் எவ்வளவு? – ஹூஸ்டன்*

கூட்டாட்சி விதியில் முதல் முறை 100 டாலர் வரை, அடுத்து 250, அப்புறம் 500.

*கயிறா, வயர்லெஸ்ஸா? மனைவியும் நானும் மட்டும்தான் போவோம். – சான் அன்டோனியோ*

சட்டத்துக்கு இரண்டும் சரி. வயர்லெஸ்ஸில் உடம்பில் அணியும் வில்லை நீரில் மூழ்கினாலோ தூரம் போனாலோ எஞ்சின் நிற்கும், ஆனால் அதன் பேட்டரியைக் கவனிக்க வேண்டும். கயிறு என்றால் இன்னொரு கிளிப்பும் வாங்குங்கள். நீங்கள் விழுந்தால் கிளிப் உங்களோடு தண்ணீருக்குள் போய்விடும். படகில் இருக்கும் உங்கள் மனைவி எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்து உங்களை எடுக்க வர அந்த இரண்டாவது கிளிப் வேண்டும். அது எங்கே இருக்கிறது, எப்படி மாட்டுவது என்று கரையிலேயே அவர் கையால் ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள்.