ஜவ்வு பிதுங்கினால் பிசியோதெரபி போதுமா?

எம்ஆர்ஐயில் எல்4-எல்5 டிஸ்க் (கீழ்முதுகின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு) பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் இல்லாமல் பிசியோதெரபியிலேயே சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானவர்களுக்குச் சரியாகும். ஆனால் பிசியோதெரபிஸ்ட் ஜவ்வை உள்ளே தள்ளி வைத்துவிடுவார் என்று நினைக்காதீர்கள். பிதுங்கி வந்த பகுதியைப் பலருக்கு உடம்பின் நோய் எதிர்ப்பு செல்களே மெல்ல மெல்லக் கரைத்துவிடுகின்றன, 6 முதல் 12 வாரத்தில் வலியும் நன்றாகக் குறைகிறது, அதுவரை முதுகு இறுகிப்போகாமல், தசை வலுவிழக்காமல் பார்த்துக்கொள்வதுதான் பயிற்சியின் வேலை.

1956இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்டிடம் கால்வலியோடு வந்த ஒருவர், தலைப்பக்கம் தூக்கி வைத்திருந்த கட்டிலில் தெரியாமல் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னால் வளைந்தபடி சில நிமிடம் கிடந்ததில் கால்வலி போயே விட்டது! முதுகைப் பெரும்பாலும் பின்னால் வளைத்துச் செய்யும் மெக்கன்சி முறைப் பயிற்சி அங்கிருந்து வந்ததுதான். எல்லாருக்கும் பின்னால் வளைவது ஒத்துவராது. பயிற்சி செய்யும்போது கால்வலி மேலேறி இடுப்போடு நின்றால் நல்லது, இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. பாதத்தை நோக்கி இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள்.

தினமும் போய் வலிக்குக் கரண்ட் சிகிச்சை மட்டும் வைத்துக்கொண்டு வருவதில் பெரிய பலன் இல்லை, என்னைக் கேட்டால் அந்த நேரத்துக்கு நடக்கலாம். வாரக்கணக்கில் படுத்தே கிடப்பதும் கெடுதல்தான்.

அப்புறம் ஒன்று, சிறுநீர் அடைத்தாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ பயிற்சி செய்துகொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.