ஹவில்தார் வீட்டுப் பிள்ளைகளுக்கு எந்தக் கல்வி உதவியை எப்போது கேட்க வேண்டும்?

வேலூர் மாவட்டத்திலிருந்து ஒரு முன்னாள் ராணுவ வீரர் கேட்டிருக்கிறார்: "17 வருடம் சர்வீஸ், ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். மகள் பிளஸ் டூவில் 78 சதவீதம் எடுத்து இந்த வருடம் பி.இ. சேர்ந்திருக்கிறாள். மகன் எட்டாவது பாஸ். இவர்களுக்கு என்ன கிடைக்கும்? பத்தாவதோடு நின்ற நானும் டிகிரி வாங்க வழி உண்டா?"

ஐயா, முதலில் மகள் விஷயம், அதுதான் அவசரம். முன்னாள் படைவீரர் நலனைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டு வழியாக வரும் பிரதமர் கல்வி உதவித்தொகைக்குப் பொதுவாக முதலாம் ஆண்டில்தான் விண்ணப்பிக்க முடியும், இந்த வருடம் விட்டால் அடுத்த வருடம் கதவு மூடிவிடும். 60 சதவீதம் இருந்தால் கேட்கலாம். பெண்களுக்கு மாதம் 3,000 ரூபாய், பையன்களுக்கு 2,500. வருடத்துக்கு 5,500 பேரைத் தேர்வு செய்கிறார்கள், அதில் பாதி பெண்கள். போரில் உயிர் நீத்தவர்கள், ஊனமுற்றவர்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை, உங்களைப் போல் சாதாரணமாக ஓய்வு பெற்றவர்களின் பிள்ளைகள் கடைசிப் பிரிவில் வருவார்கள், அங்கே மதிப்பெண்தான் பேசும். அதனால் 78-க்குக் கட்டாயம் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் விண்ணப்பிக்காமல் விடாதீர்கள். இந்தத் தொகையை 2019-20-ல்தான் உயர்த்தினார்கள். இன்றைய கல்லூரிக் கட்டணத்துக்கு இது போதவே போதாது, இதை உயர்த்தியே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

மகனுக்கு வேறு திட்டம். முன்னாள் படைவீரர் நல நிதியிலிருந்து வரும் கல்வி மானியம், ஒன்றாம் வகுப்பு முதல் டிகிரி வரை, இரண்டு பிள்ளைகளுக்கு. மாதம் 1,000 ரூபாயாக இருந்ததை 2025 நவம்பர் 1 முதல் தரும் விண்ணப்பங்களுக்கு 2,000 ஆக்கியிருக்கிறார்கள், அதாவது வருடத்துக்கு 24,000. நல்ல காரியம். ஆனால் இது ஹவில்தார் வரைதான். ஒரு படி மேலே போய் நாயிப் சுபேதாராக ஓய்வு பெற்றவருக்குக் கிடையாது, அவர் வீட்டிலும் அதே ஸ்கூல் ஃபீஸ்தானே? மகன் எட்டாவது பாஸ் செய்த மார்க் ஷீட்டை வைத்து விண்ணப்பியுங்கள். ஒரே பிள்ளைக்கு இரண்டையும் கேட்க வேண்டாம், மகளுக்கு அது, மகனுக்கு இது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் அதிகம் கவலைப்படுகிற இடத்துக்கு வருகிறேன்: பெயர். நம் ஊரில் பள்ளிச் சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர், ஆதாரில் அப்பா பெயரைச் சேர்த்து இன்னொரு மாதிரி, குடும்ப விவரங்களை ராணுவம் பதிவு செய்யும் பார்ட் டூ ஆர்டரிலோ அன்றைக்கு யூனிட் கிளார்க் காதில் விழுந்தபடி ஒரு எழுத்து கூடியோ குறைந்தோ. பிறந்த தேதியும் சில பேருக்கு மாறியிருக்கும். தகுதி எல்லாம் இருந்தும் இந்த இடத்தில்தான் விண்ணப்பம் திரும்பி வரும். டிஸ்சார்ஜ் புத்தகத்தை இன்றைக்கே எடுத்து, பிள்ளைகள் பெயரை ஆதாரோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக உங்கள் சர்வீஸ் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. கடைசித் தேதி நெருங்கும்போது இதை ஆரம்பித்தால் வேலை நடக்காது.

சரி, உங்கள் டிகிரி. பத்தாவது பாஸும் 15 வருட சர்வீஸும் இருந்தால், டிகிரி கேட்கும், ஆனால் தொழில்நுட்ப அனுபவம் கேட்காத மத்திய அரசு குரூப் சி வேலைகளில் முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டு இடங்களுக்கு உங்களைப் பட்டதாரிக்குச் சமமாக ஏற்கலாம். அது வேலைக்கு மட்டும்தான், அதைக் காட்டி எம்.ஏ. சேர முடியாது. நிஜமான டிகிரி வேண்டுமென்றால் பிளஸ் டூவை முதலில் முடியுங்கள், தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் வீட்டிலிருந்தே படித்து எழுதலாம். பிளஸ் டூ இல்லாமல் நேராக வாங்கிய திறந்தநிலை டிகிரியைத் தமிழ்நாடு அரசு வேலைக்கு ஏற்பதில்லை, அந்தக் குறுக்கு வழியில் பணத்தைப் போடாதீர்கள். அப்புறம் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ இக்னோவோ, உங்கள் விருப்பம்.