மூன்று வரியில் நலம்

கேள்வி:

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு வணக்கம்.

எனக்கு வயது 34. இணையதளங்களை வடிவமைத்துக் கொடுக்கும் வேலையைப் பத்து ஆண்டுகளாக வீட்டிலிருந்தே தனியாகச் செய்துவருகிறேன். ஏழு வாரங்களுக்கு முன் சாதாரணச் சளி என்று நினைத்தது நிமோனியாவில் கொண்டுபோய் விட்டது. ஆறு நாள் மருத்துவமனையில் கிடந்தேன். அதில் இரண்டு இரவு ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். இப்போது காய்ச்சல் இல்லை, மாத்திரைகளும் முடிந்துவிட்டன. பார்ப்பவர்கள் முகம் தெளிந்துவிட்டது என்கிறார்கள்.

வெளியூரில் இருக்கும் அக்காவுக்குத் தினமும் மாலையில் ஒரு செய்தி அனுப்புகிறேன். நான் வீடு திரும்பிய அன்று அவள் கேட்டுக்கொண்டது அது. மூன்று வரிதான்: உடம்பு எப்படி, வேலை எப்படி, வேறு என்ன. நேற்று அனுப்பியது இது: "உடம்பு நன்றாக இருக்கிறது. இசைப்பள்ளி வேலை முடியப்போகிறது. புது போனில் படம் அருமையாக வருகிறது, பார்." கூடவே ஜன்னலோரத்துச் செடியின் படம் ஒன்று.

முதல் இரண்டு வரியும் பொய்.

மாடி ஏறினால் நடுப்படியில் நிற்கவேண்டியிருக்கிறது. ஓர் இசைப்பள்ளிக்கான இணையதளம் பாதியில் நிற்கிறது. "இந்த வாரம் முடித்துவிடுவேன்" என்று அவர்களிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன். போன வாரம் ஒருநாள் கொஞ்சம் தெம்பாக இருந்ததென்று இரவு ஒரு மணிவரை உட்கார்ந்து வேலை செய்தேன். அடுத்த இரண்டு நாள் படுக்கையைவிட்டு எழ முடியவில்லை. பிறகு அந்தத் தளத்தைப் புதுப் போனில் திறந்து பார்த்தேன். மடிக்கணினியில் ஒழுங்காக இருந்த மூன்று பத்திகளும் சின்னத் திரையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. வகுப்பில் சேர அழுத்தவேண்டிய பொத்தான் ஒரு படத்துக்கு அடியில் பாதி மறைந்திருந்தது. அரை மணி நேரத்தில் சரிசெய்கிற வேலை. இரண்டு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடி வைத்தேன். சோம்பேறியாகிவிட்டேனா, மூளை மழுங்கிவிட்டதா என்று தெரியவில்லை.

பழைய போன் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதிலிருந்த எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றிவிட்டேன், ஒன்றைத் தவிர. மருத்துவமனையில் இரண்டாம் நாள் இரவு அக்காவுக்கு அனுப்ப நினைத்துப் பதிவுசெய்து, அனுப்பாமல் விட்ட குரல். 14 வினாடி. "அக்கா" என்ற ஒரு சொல், மற்றதெல்லாம் மூச்சு. அதைக் கேட்கவும் முடியவில்லை, அழிக்கவும் முடியவில்லை. போன் அணைந்துவிடக் கூடாதென்று வாரத்துக்கு இரண்டு முறை சார்ஜ் மட்டும் போட்டு வைக்கிறேன்.

இரவில் விளக்கை அணைத்ததும் மூச்சு நின்றுவிடுமோ என்று பயம் வருகிறது. விரலில் ஆக்சிஜன் கருவியை மாட்டிப் பார்ப்பேன். 97 காட்டும். பத்து நிமிடத்தில் மறுபடியும் பார்ப்பேன். பிறகு இரண்டு மணிவரை போனைத் தள்ளிக்கொண்டிருப்பேன். அக்கா, "உன் குரலைக் கேட்டு எத்தனை நாளாகிறது" என்று எழுதியிருக்கிறாள். நீளமாகப் பேசினால் இருமல் வந்துவிடும், அவளுக்குத் தெரிந்துவிடும். அதனால் அழைப்பை எடுப்பதில்லை. நான் எப்போது பழைய ஆளாவேன்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புச் சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதலில் ஒரு கேள்வி. மருத்துவமனையிலிருந்து வந்தபின் மறுபரிசோதனைக்குப் போனீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. போகவில்லையென்றால் இந்த வாரமே போய்விடுங்கள். நடுப்படியில் நிற்பதை, பேசினால் வரும் இருமலை, ஒருநாள் வேலைக்கு இரண்டு நாள் படுத்ததை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். காய்ச்சல் திரும்பினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ நாள் பார்க்காதீர்கள், உடனே போகவேண்டும்.

இனி, சோம்பேறியாகிவிட்டேனா என்று கேட்டதற்கு வருகிறேன். இல்லை. மருத்துவர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுத்துத் தரும் பிரிட்டனின் 'நைஸ்' நிறுவனம் 2014-இல் வெளியிட்ட நிமோனியா வழிகாட்டுதலில் நோயாளியிடம் சொல்லவேண்டிய ஒரு கால அட்டவணை இருக்கிறது. ஆளுக்கு ஆள், நோயின் கடுமைக்கு ஏற்ப இது மாறும் என்று சொல்லிவிட்டுத்தான் தருகிறார்கள். ஒரு வாரத்தில் காய்ச்சல் போயிருக்க வேண்டும். 4 வாரத்தில் நெஞ்சு வலியும் சளியும் கணிசமாகக் குறைந்திருக்க வேண்டும். 6 வாரத்தில் இருமலும் மூச்சு வாங்குவதும் கணிசமாகக் குறைந்திருக்க வேண்டும். 3 மாதத்தில் பெரும்பாலான தொந்தரவுகள் தீர்ந்திருக்கும், ஆனால் களைப்பு மிச்சமிருக்கலாம். பெரும்பாலானவர்கள் பழையபடி ஆக 6 மாதம். குறைந்திருக்கும் என்றுதான் ஆறாவது வாரத்துக்குச் சொல்கிறார்கள், நின்றிருக்கும் என்று சொல்லவில்லை. நீங்கள் ஏழாவது வாரத்தில் இருக்கிறீர்கள். ஆறு மாதத்தில் நடக்கவேண்டியதை ஏழு வாரத்தில் முடிக்கவில்லையென்று உங்களையே திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இதை யாரும் உங்களிடம் முன்பே உட்கார்ந்து சொல்லாமல் போனது எனக்கு வருத்தமாக இருக்கிறது. டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரையின் பெயர் இருக்கும், இந்த அட்டவணை பல நேரங்களில் இருப்பதில்லை.

தெம்பு வந்த நாளில் இரவு ஒரு மணிவரை உழைத்ததும், அடுத்த இரண்டு நாள் விழுந்ததும் நோயிலிருந்து மீள்பவர்கள் பலரிடம் நான் காண்பது. நல்ல நாளில் கடனை அடைக்கப் பார்ப்பார்கள், உடம்பு அதை வட்டியோடு திருப்பி வாங்கிக்கொள்ளும். உங்கள் அளவை நல்ல நாளை வைத்து முடிவுசெய்யாதீர்கள். மோசமான ஒரு நாளில் எவ்வளவு நேரம் உட்கார முடிந்தது? நாற்பது நிமிடம் என்றால், நல்ல நாளிலும் நாற்பது நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். இன்னும் செய்யலாம் என்று தோன்றும்போதே நிறுத்துவது உங்களைப் போன்றவர்களுக்குக் கடினம் என்று தெரியும். ஒரு வாரம் அது தாங்கியபின் கொஞ்சம் கூட்டுங்கள்.

இதை என்னைவிட உங்களுக்கு நன்றாகப் புரியவைக்க உங்கள் தொழிலே போதும். இணையதள வடிவமைப்பாளர் ஈத்தன் மார்காட் 2010-இல் 'ரெஸ்பான்சிவ்' என்று பெயர் வைத்த வடிவமைப்பு முறை உங்களுக்கு அன்றாடப் பாடம். திரை சிறியதாகும்போது மூன்று பத்திகளையும் நெருக்கித் திணிக்க மாட்டீர்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக இறக்குவீர்கள். எது முதலில் வரவேண்டும் என்று முடிவுசெய்வீர்கள். எதையும் தூக்கி எறிவதில்லை, கீழே போனது கீழே பத்திரமாக இருக்கும். இப்போது உங்கள் நாள் சின்னத் திரை. உடம்பு, வேலை, மற்றவர்களுக்குத் தரும் பதில் என்ற மூன்றையும் பழைய அகலத்திலேயே வைக்கப் பார்ப்பதால்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. அந்தப் பொத்தானைப் பார்த்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்களே, படுத்தெழுந்த கையோடு அதைத் திறந்தீர்கள். களைத்த மூளை அப்படித்தான் நின்றுபோகும். அது மழுங்கியதற்கு அடையாளமல்ல.

இசைப்பள்ளிக்கு உண்மையை எழுதிவிடுங்கள். "நிமோனியாவிலிருந்து மீண்டுவருகிறேன், முகப்புப் பக்கம் இந்தத் தேதி, மற்றவை இந்தத் தேதி" என்று நீங்கள் நினைப்பதைவிட இரட்டிப்பு நாள் வைத்து எழுதுங்கள். முடிக்காமல் கிடக்கும் வேலை மனதை அரித்துக்கொண்டேயிருக்கும். ஆனால் அதை எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டம் போட்டாலே அந்த அரிப்பு தணிகிறது என்று உளவியலாளர்கள் மசிகாம்போ, பௌமைஸ்டர் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வேலை முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இரவுப் பயத்துக்கு வருவோம். மூச்சுக்குத் திணறிய ஒருவருக்கு இருட்டில் மூச்சைப் பற்றிப் பயம் வராவிட்டால்தான் ஆச்சரியம். 97 நல்ல அளவு, பொதுவாக 95-க்கு மேல் இருந்தால் கவலையில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும்போது பயம் அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் அடங்குகிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் பார்க்கச் சொல்லும். மருத்துவர் வேறு மாதிரி சொல்லாதவரை காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பாருங்கள், கருவியை வேறு அறையில் வையுங்கள். போனும் இரவில் அதோடு அங்கேயே கிடக்கட்டும். முதல் சில இரவுகள் கடினமாகத்தான் இருக்கும். இரண்டு வாரம் கழித்தும் தூக்கம் வராவிட்டாலோ, பெரும்பாலான நாட்கள் மனம் சோர்ந்தே கிடந்தாலோ ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். கடுமையான நோய்க்குப் பிறகு மனச்சோர்வு வருவது உண்டு, அதற்குச் சிகிச்சையும் உண்டு.

அக்காவுக்கு அனுப்பும் மூன்று வரியில் பொய் கலக்காதது புது போன் மட்டும்தான். அதனால்தான் அதைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன். தயக்கமில்லாமல் சொல்ல உங்களிடம் இப்போது அது ஒன்றுதான் இருக்கிறது. இன்று மாலை செடியின் படத்தை அனுப்புங்கள், ஆனால் முதல் வரியை மாற்றுங்கள்: "மாடி ஏறும்போது நடுவில் ஒருமுறை நிற்கிறேன்." அவ்வளவு போதும். அவர் பயப்படுவார் என்று அஞ்சுகிறீர்கள். குரலைக் கேட்டு நாளாகிறது என்று எழுதியவர் ஏற்கெனவே பயந்துகொண்டுதான் இருக்கிறார், தனியாக.

அந்த 14 வினாடியை அழிக்கவேண்டாம், இப்போது கேட்கவும் வேண்டாம். ஒரு பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள், அந்த போனுக்குக் காவல் இருக்கும் வேலை மிச்சமாகும். அப்படியொன்று இருக்கிறது என்பதை அக்காவிடம் என்றாவது சொல்லலாம். அவர் கேட்க விரும்பினால் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேளுங்கள்.

அதற்கு முன் ஓர் அழைப்பு. ஐந்து நிமிடம்தான் பேசப்போகிறேன் என்று எடுத்ததுமே சொல்லிவிடுங்கள். நடுவில் இருமல் வந்தால் வரட்டும், போனை மட்டும் கீழே வைக்காதீர்கள்.