அப்பா நினைவுடன் இருக்கும்போதே உயிலும் திருமணப் பதிவும்

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் வேலை செய்த என் அப்பாவுக்கு (வயது 57) புற்றுநோய் முற்றிவிட்டது; சில மாதங்கள்தாம் என்கிறார் மருத்துவர். அவர் பெயரில் ஒரு மலிவு விலை வீடும் ஊழியர் சேமநிதியும் உள்ளன. தாம் இறந்தால் சேமநிதிப் பணத்தைப் பெறுபவராக இளவயதில் தம் தாயை, அதாவது என் பாட்டியை, நியமித்திருந்தார். பாட்டி உயிருடன் இருக்கிறார். பெற்றோரின் திருமணம் 1993இல் தோட்டத்துக் கோயிலில் நடந்தது, பதிவு செய்யவில்லை. உயில் மட்டும் எழுதினால் போதுமா?

பதில்: போதாது, ஆனாலும் உயிலை இன்றே எழுதுங்கள்.

முஸ்லிம் அல்லாதோரின் திருமணங்கள் 1982 மார்ச் 1 முதல் பதிவாளர் முன்னிலையில் சட்டப்படி நடந்திருக்க வேண்டும். அதற்குப் பின் கோயிலில் மட்டும் தாலி கட்டிய அம்மா, முப்பது ஆண்டுகள் குடும்பம் நடத்தியிருந்தாலும், உயிலின்றி இறந்தவரின் சொத்தைப் பங்கிடும் 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டத்தின் கண்ணில் மனைவி அல்லர். பிள்ளைகளான நீங்களும் சட்டப்படியான வாரிசுகள் அல்லர். அப்பா உயிலின்றி மறைந்தால் வீடு முழுவதும் பாட்டிக்கே போகும். எத்தனையோ தோட்டக் குடும்பங்கள் இதை இறப்புக்குப் பிறகுதான் அறிந்து கலங்குகின்றன.

உங்கள் பெற்றோர் தேசியப் பதிவிலாகாவில் இப்போது திருமணம் செய்துகொண்டால், பிள்ளைகளின் சட்டத் தகுதி பற்றிய 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்களும் அன்றிலிருந்து சட்டப்படியான பிள்ளைகள் ஆவீர்கள். வழக்கமான 21 நாள் அறிவிப்பிலிருந்து விலக்குப் பெறவும், அலுவலகத்துக்கு வெளியே திருமணத்தை நடத்தவும் சிறப்பு உரிமம் கோரலாம் என்பதால், மருத்துவரின் கடிதத்துடன் உடனே விசாரியுங்கள்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. முன்பு எழுதிய உயிலைப் பின்னர் நடக்கும் திருமணம் ரத்தாக்கிவிடும். ஆகவே, இன்னாரை மணக்கவிருப்பதை எதிர்நோக்கியே இந்த உயில் எழுதப்படுகிறது என்று அம்மாவின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் குறிப்பிட்டு உயிலில் தெளிவாக எழுத வேண்டும். ‘என் பிள்ளைகள்’ என்று பொதுவாக எழுதாமல் உங்கள் ஒவ்வொருவர் பெயரையும் எண்ணையும் சேர்க்க வேண்டும். அப்பா கையெழுத்தோ கைரேகையோ இடும்போது இரு சாட்சிகளும் ஒரே நேரத்தில் உடனிருக்க வேண்டும். சொத்துப் பெறுபவரோ அவருடைய கணவனோ மனைவியோ சாட்சியானால் சொத்துப் பெறுபவர் தம் பங்கை இழப்பார். வலி மருந்தின் மயக்கமில்லாத வேளையைத் தேர்ந்தெடுத்து, அவர் தெளிவாக இருந்தார் என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். பின்னாளில் வழக்கு வந்தால் அந்தத் தாள்தான் உங்களைக் காக்கும்.

சேமநிதியை உயிலால் மாற்ற முடியாது. முஸ்லிம் அல்லாதவரின் பணம் நியமனம் பெற்றவருக்கே உரியது என்பதால், பாட்டியின் பெயரை மாற்றுவதா, பங்கிட்டு வைப்பதா என்பதை அப்பாவே முடிவு செய்து புதிய நியமனம் பதிய வேண்டும். பாட்டியையும் அருகில் வைத்துப் பேசுங்கள். அவரும் மகனை இழக்கப் போகிறவர்.

தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் இயலாமை ஓய்வூதியத்துக்குப் பொதுவாக 60 வயதுக்குள் மனுச் செய்ய வேண்டும். மருத்துவ அறிக்கையைக் கொண்டு அதையும் இந்த வாரமே தொடங்குங்கள்.