நூர் இனாயத் கானும் நாவல்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் எஸ்.ஓ.இ. என்ற ரகசிய அமைப்பு, ஜெர்மானியரின் பிடியிலிருந்த பிரான்சுக்குப் பெண்களை அனுப்பியது. அவர்களில் ஒருவர் நூர் இனாயத் கான். அந்தப் பெண்களைப் பற்றிய நாவல்களைப் படித்துவிட்டு வாசகர்கள் கேட்டவை இவை.

மதுரை வாசகி: இந்த நாவல்களில் பெண்கள் காதலுக்காகவே உயிரைப் பணயம் வைக்கிறார்களே, அம்மா?

எனக்கும் இதில் வருத்தம்தான். நூரைப் போல லண்டனுக்கு ரகசியச் செய்தி அனுப்பும் வானொலிக் கருவி இயக்குநரின் வேலை, சுமார் 15 கிலோ எடையுள்ள பெட்டியைச் சூட்கேசில் சுமந்து, நீண்ட ஏரியல் கம்பியைக் கட்டி, குறித்த நேரத்தில் மோர்ஸ் சங்கேதத்தில் செய்தி தட்டி, வானொலி அலை வரும் திசையைக் காணும் ஜெர்மானியரின் வண்டிகள் நெருங்குமுன் இடம் மாறுவது. இத்தனையையும் நாவலாசிரியர்கள் இரண்டு வரிகளில் கடந்துவிடுகிறார்கள்.

திண்டுக்கல் வாசகர்: பெண்களை ஏன் அனுப்பினார்கள்?

1943 முதல் பிரெஞ்சு இளைஞர்களைக் கட்டாய வேலைக்காக ஜெர்மனிக்குக் கொண்டு சென்றதால், தெருவில் நடமாடும் வாலிபர் மீது எளிதில் சந்தேகம் விழுந்தது. சைக்கிளில் கூடையுடன் போகும் பெண்ணை அந்த அளவுக்கு யாரும் கவனிக்கவில்லை.

சேலம் வாசகர்: நான் படித்த நாவல் உண்மைக் கதையா?

இதே கேள்வி இது மூன்றாவது முறை. ஆசிரியரின் பின்னுரையை முதலில் படியுங்கள். நாவலை வரலாற்றுச் சான்றாகக் காட்டாதீர்கள்.

கோவை வாசகர்: அனுப்பிய செய்திகளை நூர் நோட்டில் எழுதி வைத்தது பொறுப்பின்மை அல்லவா?

அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நூர் 1914இல் மாஸ்கோவில் பிறந்தவர். சூஃபி ஞானி இனாயத் கானின் மகள். புத்த ஜாதகக் கதைகளைக் குழந்தைகளுக்காக எழுதியவர். 1943 ஜூன் நடுவில் ஓர் இரவில் விமானத்தில் பிரான்சில் வந்திறங்கிய சில நாட்களிலேயே அவர் சேர்ந்த குழுவின் தலைவர்கள் பிடிபட்டார்கள். லண்டன் திரும்ப அழைத்தும் அவர் மறுத்து, வீடு வீடாக இடம் மாறிச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். நோட்டைப் பொறுத்தவரை, செய்திகளை ‘ஃபைலிங்’ செய்வதில் மிகக் கவனமாக இருக்கும்படி அவருக்குக் கட்டளை இருந்தது. பத்திரிகைத் துறையில் அந்தச் சொல்லுக்கு அனுப்புதல் என்று பொருள். அலுவலகத்தில் கோப்பில் சேர்த்தல். அவர் இரண்டாவது பொருளில் எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பதே எனக்கு ஏற்புடைய விளக்கம்.

சென்னை வாசகர்: எந்த விளக்கம் சொன்னாலும், அதனால் பிறர் மாண்டார்களே?

மாண்டார்கள், அதை மறைக்க மாட்டேன். நூர் அக்டோபரில் கைதானபின் ஜெர்மானியர் அந்த நோட்டைக் கைப்பற்றி, வானொலியில் அவர் பெயரில் லண்டனுடன் பேசினார்கள். அந்த ஏமாற்றில் சிக்கி 1944 பிப்ரவரியில் நேராக எதிரியின் கையில் வந்திறங்கிய மதலேன் தமேர்மான் என்ற எஸ்.ஓ.இ. பெண், அதே ஆண்டு செப்டம்பர் 13 அன்று தாஹாவ் வதை முகாமில் நூருடன் கொல்லப்பட்டார். ஆனால் 1943 அக்டோபரிலேயே நூர் ஆபத்தில் சிக்கிவிட்டதாக லண்டனுக்கு எச்சரிக்கை போயிருந்தது. அதைப் பொருட்படுத்தாத அதிகாரிகளை விட்டுவிட்டு, சங்கிலியில் கிடந்த பெண்ணைக் கூண்டில் ஏற்றும் நாவல்களை என்னால் ஏற்க முடியாது.

திருச்சி வாசகி: வதை முகாம் நாவல்களில் எதைப் படிக்கலாம்?

அது என் துறை அல்ல, அம்மா. அந்த வரலாற்றில் தோய்ந்தவர்களிடம் கேளுங்கள்.

தஞ்சை வாசகி: நூரைப் பற்றி நாவல் எழுதுவோர் எந்தக் காட்சியை விடக்கூடாது?

ஜெர்மனியில் அவரை அடைத்து வைத்திருந்த ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையை. கை கால்களில் விலங்குடன் ஏறத்தாழ பத்து மாதங்கள் தனியறையில் கிடந்த அவர், உணவுக் கிண்ணத்தின் அடியில் எழுத்துகளைக் கீறிச் சக கைதிகளுக்குச் செய்தி சொன்னார். கிண்ணங்களைக் கழுவும்போது அவர்கள் அதைப் படித்தார்கள்.