லைக் போட்டால் யார் காசு கொடுப்பார்கள்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: வீட்டிலிருந்தபடி ஆன்லைனில் வேலை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், நான் காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் ஜெராக்ஸ், பிரவுசிங் கடை நடத்துகிறவள். வேலைக்கு விண்ணப்பிக்கவும் என் கடைக்குத்தான் வருகிறார்கள், பணம் போன பிறகு புகார் பதியவும் என் கடைக்குத்தான் வருகிறார்கள். இரண்டாவது வகை வருகை குறைய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, பகுதி நேர வேலை என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. மூன்று யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டேன், உடனே 150 ரூபாய் வந்தது. அப்புறம் டெலிகிராம் குரூப்பில் சேர்த்தார்கள். 1,000 கட்டினேன், 1,300 திரும்பி வந்தது. பிறகு 5,000, 12,000, 28,000 என்று கட்டினேன். இப்போது அவர்கள் வெப்சைட்டில் என் பெயரில் 71,000 ரூபாய் காட்டுகிறது. அதை எடுக்க 30 சதவீதம் வரி முதலில் கட்ட வேண்டுமாம். நகையை அடகு வைத்துக் கட்டலாமா? வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது. (வாசகி, தேவகோட்டை)

கட்டாதீர்கள் அம்மா. பீரோவில் இருக்கும் நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

30 சதவீதம் என்றால் 21,300 ரூபாய். அதைக் கட்டினால் அடுத்து 'கிரெடிட் ஸ்கோர் குறைந்துவிட்டது, சரி செய்யக் கட்டு' என்பார்கள். அதற்கு மேல் கணக்கைத் திறக்கக் கட்டணம் என்பார்கள். நீங்கள் நிறுத்துகிற வரை அது நிற்காது. இந்த நாட்டில் சம்பளத்துக்கு வரி பிடிப்பதென்றால், கொடுக்கிறவர் தொகையில் கழித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுப்பார். வரியை முன்னால் கட்டு, சம்பளத்தைப் பின்னால் தருகிறேன் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வரி போய்ச் சேரும் இடமும் அரசாங்கம்தான். யாரோ ஒரு தனி ஆளின் யுபிஐ ஐடிக்கு அது போகாது.

அந்த 71,000 எங்கேயும் இல்லை. வெப்சைட் அவர்களுடையது, எண்ணும் அவர்களே அடித்தது. 'எனக்குப் பணம் வந்துவிட்டது' என்று குரூப்பில் ஸ்கிரீன்ஷாட் போடுகிற மற்ற நாலு பேரும் அவர்கள் ஆட்கள்தான். முதலில் வந்த 150 ரூபாயும் 1,300 ரூபாயும் பெரும்பாலும் உங்களைப் போலவே இன்னொரு பெண் கட்டிய பணமாக இருக்கும். உங்கள் நம்பிக்கையை வாங்க அவர்கள் போட்ட முதல் அது.

இதை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும் என்று நான் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வேன்: நான் செய்கிற இந்த வேலையை யார் விலைக்கு வாங்குகிறார்கள்? ஒரு வீடியோவுக்கு நீங்கள் போடும் லைக்கால் யாருக்கு என்ன வருமானம்? பொய்யாக லைக் சேர்ப்பதை யூடியூப் தன் விதிகளிலேயே தடை செய்திருக்கிறது. ஒழுங்கான கம்பெனி எதுவும் அதற்குச் சம்பளம் போடாது. போகாத ஓட்டலுக்குக் கூகுள் மேப்பில் ஐந்து ஸ்டார் போடுகிற 'வேலை'யும் இதே கதைதான்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. இதைப் படித்த உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண் அது. நீங்கள் அனுப்பிய பணம் இன்னும் ஏதாவது ஒரு கணக்கில் தங்கியிருந்தால், அதை அங்கேயே நிறுத்தி வைக்க வழி உண்டு. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்கு வாய்ப்பு அதிகம். நாளாகிவிட்டது என்று கூப்பிடாமல் இருந்துவிடாதீர்கள். போன் செய்வதற்கு முன்னால் ஒவ்வொரு தடவை அனுப்பிய தேதி, தொகை, யாருடைய யுபிஐ ஐடி, பரிவர்த்தனையின் 12 இலக்க யுடிஆர் எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டெலிகிராமில் எதிராளி நினைத்தால் இரண்டு பக்கத்து உரையாடலையும் அழித்துவிட முடியும். அதனால் அவர்களிடம் சண்டைக்குப் போகாமல், முதலில் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். நேரில் போவதென்றால் சிவகங்கையில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. உங்கள் வங்கிக் கிளைக்கும் எழுதிக் கொடுங்கள். நிறுத்தி வைத்த பணம் கைக்கு வரச் சில சமயம் நீதிமன்ற உத்தரவும் வாங்க வேண்டியிருக்கும், கொஞ்சம் அலைச்சல் உண்டு. 'பாதிப் பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் முன்னால்' என்று இனி யாராவது கூப்பிட்டால் அதுவும் அதே கூட்டம்தான்.

வீட்டுக்காரரிடம் இன்று ராத்திரியே சொல்லிவிடுங்கள். ரகசியம் என்பதை வைத்துத்தான் அவர்கள் உங்களை மிரட்டிக் கட்ட வைக்கிறார்கள். 2023 டிசம்பரில் மத்திய உள்துறை அமைச்சகம் இந்த மாதிரி நூற்றுக்கும் மேற்பட்ட வெப்சைட்டுகளை முடக்கியது. அவர்கள் குறிவைத்தது ஓய்வு பெற்றவர்களையும் பெண்களையும் வேலையில்லாத இளைஞர்களையும் என்று அப்போது அரசே சொன்னது. படித்தவர்கள், கணக்கு வழக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் இதில் மாட்டியிருக்கிறார்கள். நீங்கள் மட்டும் அறிவில்லாமல் போய்விட்டதாக நினைத்து மருகாதீர்கள்.

கேள்வி: பிரபலமான பென்சில் கம்பெனி பெயரில் ஃபேஸ்புக்கில் விளம்பரம். வீட்டிலேயே பேக்கிங், மாதம் 30,000 ரூபாய், 15,000 அட்வான்ஸாம். ஐடி கார்டுக்கு மட்டும் 620 ரூபாய் கேட்கிறார்கள். சின்னத் தொகைதானே? (வாசகி, கானாடுகாத்தான்)

620 போனதும் கூரியர் கட்டணம் வரும். அதற்கப்புறம் ஜிஎஸ்டி. அப்புறம் 'சரக்கு வண்டி செக்போஸ்ட்டில் நிற்கிறது, 2,500 போடுங்கள்' என்று ஒருவர் பதறிக்கொண்டு பேசுவார். பென்சில் வராது.

ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். பேக்கிங் மெஷின் வைத்திருக்கும் ஃபாக்டரி, பென்சிலை மூட்டையாகக் கானாடுகாத்தானுக்கு அனுப்பி, நீங்கள் பெட்டியில் போட்டதும் திரும்ப எடுத்துப் போனால் அந்த லாரி வாடகைக்குக்கூட பென்சில் விலை கட்டாது. நம் பக்கத்தில் வீட்டிலிருந்து சம்பாதிப்பது புதிய சங்கதியா என்ன? ஓலைக் கொட்டான் (சின்னக் கூடை) முடைகிற பெண்களைக் கேளுங்கள். இன்ன அளவுக் கொட்டானுக்கு இன்ன கூலி, வாங்குவது கல்யாண வீடா, கடையா, வெளியூர் ஆர்டரா என்று எல்லாம் சொல்வார்கள். சீப்புச் சீடையும் மாவுருண்டையும் செய்து கொடுக்கிற ஆச்சிமார்களுக்கு யார் வீட்டுச் சடங்குக்கு எத்தனை கிலோ என்பது நாக்கு நுனியில் இருக்கும். வாங்குகிற ஆள் யார் என்று சொல்ல முடிகிறது பாருங்கள், வேலை என்றால் அப்படித்தான் இருக்கும். பென்சில்காரரிடம் அந்தக் கேள்வியைக் கேளுங்கள், போனை வைத்துவிடுவார்.

கேள்வி: டேட்டா என்ட்ரி வேலைக்கு ஆன்லைனில் ஒப்பந்தம் போட்டேன். ஆதார், கையெழுத்துப் படம் எல்லாம் கொடுத்துவிட்டேன். ஏழு நாளில் 500 படிவம் அடிக்க வேண்டும். கடைசி நாள் அவர்கள் தளம் திறக்கவே இல்லை. இப்போது 'வக்கீல்' என்று ஒருவர் பேசி, ஒப்பந்தத்தை மீறியதற்கு 6,800 ரூபாய் கட்டாவிட்டால் கைது என்கிறார். கோர்ட் நோட்டீஸும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. தூக்கமே இல்லை. (வாசகி, பள்ளத்தூர்)

நிம்மதியாகத் தூங்குங்கள் அம்மா. இதே நோட்டீஸை என் கடையில் பிரின்ட் எடுத்திருக்கிறேன். பெயரும் தொகையும்தான் மாறும். சிங்க முத்திரையும் எழுத்துப் பிழையும் அப்படியே இருக்கும்.

ஒப்பந்தத்தை மீறுவது சிவில் விவகாரம். அதற்காகப் போலீஸ் யாரையும் கைது செய்ய வராது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, மோசடியால் வாங்கிய சம்மதத்தை ஏமாந்தவர் ரத்து செய்துகொள்ளலாம். அப்படியே ஒப்பந்தம் செல்லும் என்று வைத்துக்கொண்டாலும், அதில் எழுதியிருக்கும் அபராதம் முழுவதையும் நினைத்தபடி வசூலித்துவிட முடியாது. நியாயமான இழப்பீடு எவ்வளவு என்று நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். உண்மையான வழக்காக இருந்தால் வழக்கு எண் இருக்கும், எழுத்தும் எண்ணுமாக 16 இடம் கொண்ட சிஎன்ஆர் என்ற அடையாள எண் இருக்கும். நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் அதைப் போட்டால் எந்தக் கோர்ட், அடுத்த வாய்தா எப்போது என்று வந்துவிடும். ஒன்றுமே வரவில்லை என்றால் அந்த நோட்டீஸைப் புகாரோடு சேர்த்து வையுங்கள், அதுவே சாட்சி.

இந்த மோசடி படிவம் அடிக்கும்போதே ஆரம்பித்துவிடுகிறது. 98 சதவீதம் சரியாக இருக்க வேண்டும் என்பார்கள், படங்களை மங்கலாகக் கொடுப்பார்கள், கடைசி நாள் தளத்தை மூடிவிடுவார்கள். நீங்கள் அடித்துக் கொடுத்ததை அவர்கள் படிப்பதுகூட இல்லை. உங்களை மிரட்டி வாங்கும் பணம்தான் அவர்கள் வியாபாரம்.

ஒரு ரூபாய்கூடக் கட்டாமல் எண்ணை பிளாக் செய்துவிட்டு, 1930-இல் சொல்லுங்கள். ஆதார் கொடுத்திருப்பதால் இரண்டு காரியம் செய்யுங்கள். ஆதார் தளத்தில் பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பாருங்கள், தெரியாத எண் இருந்தால் அங்கேயே மறுக்கலாம். உங்கள் பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று பார்க்க, கடன் விவரங்களைச் சேர்த்து வைக்கும் கிரெடிட் நிறுவனங்கள் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும்.

கேள்வி: அக்கா, என் பேங்க் அக்கவுண்டை மாதம் 10,000 ரூபாய்க்கு வாடகைக்குக் கேட்கிறார்கள். ஏடிஎம் கார்டும் சிம்மும் மட்டும் கொடுத்தால் போதுமாம். செய்யலாமா? (கல்லூரி மாணவர், காரைக்குடி)

வேண்டாம் தம்பி. ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே கிளைக்குப் போய்க் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். தேவகோட்டை அம்மா கட்டிய 28,000 இந்த மாதிரி ஒரு கணக்கில்தான் போய் விழுகிறது. புகார் வந்ததும் போலீஸ் முதலில் பிடிப்பது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான். ஆள்மாறாட்டம் செய்து ஆன்லைனில் ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் ஏமாற்றுதல் பிரிவு தனி. எனக்கு எதுவும் தெரியாது என்று நீங்கள் சொன்னால், கார்டையும் சிம்மையும் சேர்த்து ஏன் கொடுத்தாய் என்று கேட்பார்கள். அரசின் தமிழ்ப் புதல்வன் உதவித்தொகை 1,000 ரூபாய் வருகிற அதே கணக்கு முடங்கிவிட்டால் ஃபீஸுக்கு யாரைப் போய்க் கேட்பீர்கள்?

கேள்வி: தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டிக்கெட் இலவசம், ஆறு மாதம் கழித்து ஊருக்கு வந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்கிறார் ஏஜென்ட். கம்பெனி முகவரி தெரியவில்லை. மகனை அனுப்பலாமா? (வாசகர், திருப்பத்தூர்)

ஐயா, தயவுசெய்து அனுப்பாதீர்கள். இப்படித் தாய்லாந்து என்று அழைத்துப் போன தமிழ்நாட்டுப் பிள்ளைகளை எல்லை தாண்டி மியான்மரில் மியாவாடியில் அடைத்து வைத்தார்கள். 2022-இல் அரசு தலையிட்டுச் சிலரை மீட்டுக் கொண்டுவந்தது. அங்கே கொடுத்த 'டேட்டா என்ட்ரி' என்ன தெரியுமா? நம்மைப் போன்றவர்களுக்கு மெசேஜ் அனுப்பி ஏமாற்றுவது. மாட்டேன் என்றவர்களுக்கு அடி. நம் ஊர்ப் பெரியவர்கள் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனபோது எந்த ஊர், யாருடைய கடை, எத்தனை வருஷக் கணக்கு என்று எல்லாம் தெரிந்து போனார்கள். உங்கள் மகனுக்குக் கம்பெனியின் முகவரிகூடத் தெரியவில்லை.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட் மத்திய வெளியுறவுத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தத் துறையின் இமைக்ரேட் தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகச் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

கேள்வி: மகள் எம்.காம். கைக்குழந்தை இருப்பதால் வெளியே போக முடியாது. பெரிய ஐடி கம்பெனி பெயரில் ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. நிஜமா என்று எப்படிப் பார்ப்பது? (வாசகி, புதுவயல்)

லெட்டரில் சீல், கையெழுத்து, சிஐஎன் என்கிற கம்பெனிப் பதிவு எண் எல்லாம் இருக்கும். அதை வைத்து நம்பாதீர்கள், நிஜக் கம்பெனியின் எண்ணைத் திருடிப் போட்டிருப்பார்கள். மெயில் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஜிமெயில் என்றால் அவ்வளவுதான். கம்பெனி பெயரோடு 'கேரியர்ஸ்', 'எச்ஆர்' என்று வால் ஒட்டிய முகவரியும் சந்தேகத்துக்குரியது. கம்பெனியின் சொந்த வெப்சைட்டை நீங்களே தேடித் திறந்து, அதில் இருக்கும் எண்ணுக்குப் பேசி, இப்படி ஒரு லெட்டர் அனுப்பினீர்களா என்று கேளுங்கள். லெட்டரில் உள்ள எண்ணுக்குப் பேசினால் அனுப்பிய ஆளே எடுப்பார். முகம் பார்த்து இன்டர்வியூ நடந்ததா? வெறும் வாட்ஸ்அப் சாட்டில் 'செலக்ட் ஆகிவிட்டீர்கள்' என்றால் அது இன்டர்வியூவே இல்லை. லேப்டாப்புக்கு டெபாசிட் கேட்டால் அதற்கு மேல் விசாரிக்கவே வேண்டாம்.

எம்.காம். படித்த பெண்ணுக்கு வீட்டிலிருந்து நிஜமான வேலை உண்டு. புதுவயலில் அத்தனை ரைஸ் மில் இருக்கிறது. டேலி மென்பொருளில் கணக்குப் போடவும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தயார் செய்யவும் பகுதி நேரத்துக்கு ஆள் தேடுகிறவர்கள் அங்கேயே இருப்பார்கள், ஆடிட்டர் ஆபீஸ்களிலும் கேட்டுப் பார்க்கலாம். பிளஸ் டூ கணக்குப் பதிவியல் ஆன்லைன் டியூஷன் எடுக்கலாம். மாதம் 30,000 முதல் மாதமே வராது, ஆனால் வருகிற பணம் யாரிடமிருந்து எதற்காக வருகிறது என்று தெரியும். தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலைவாய்ப்புத் தளத்திலும் மத்திய அரசின் என்சிஎஸ் வேலைவாய்ப்புத் தளத்திலும் இலவசமாகப் பதியலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் முகாம்களுக்கும் கட்டணம் கிடையாது.

அந்த லெட்டரை எனக்கும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். மகளின் ஆதார் எண்ணையும் பிறந்த தேதியையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள். பார்த்துவிட்டு, இதழ் வரும் வரை காத்திருக்காமல் தபாலிலேயே பதில் போடுகிறேன்.