வாசகர் கேள்வி – பதில்: சாகசப் பந்தயத்துக்கு முன் இரண்டு நாள் பயிற்சி

கேள்வி: அலுவலகத் தோழர்கள் மூவருடன் சேர்ந்து, வரும் கோடையில் நடக்கும் 12 மணி நேரச் சாகசப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். நடை, மலை மிதிவண்டி, கயாக் ஆகிய மூன்றும் உண்டு. நால்வருக்கும் இது முதல் பந்தயம். அதற்குமுன் ஒரு சனி, ஞாயிறை முழுமையாகப் பயிற்சிக்கு ஒதுக்கியுள்ளோம். மற்ற மூவரும் நெடுந்தூரம் ஓடிப் பழகியவர்கள்; நானே மெதுவானவள். என்னால் அணி பின்தங்குமோ என்று அஞ்சுகிறேன். அந்த இரண்டு நாட்களில் எதைப் பழக வேண்டும்?
— ஒரு வாசகி, ஆக்லாந்து

பதில்: உடல்வலிமையைக் கூட்டுவதற்காக அந்த இரண்டு நாட்களைச் செலவிட வேண்டாம், அது பல வாரங்களில் மெல்லச் சேர்வது. நால்வரும் பிரியாமல் ஒரே வேகத்தில் நகர்வதை மட்டும் பழகுங்கள். 1989இல் ழெரார் ஃபுசில் என்ற பிரெஞ்சுக்காரர் உங்கள் நியூசிலாந்திலேயே நடத்திய முதல் ரெய்டு கோலுவாஸ் பந்தயம் தொட்டு, இந்த விளையாட்டில் அணி ஒன்றாகச் சென்று ஒன்றாக வந்து சேர வேண்டும் என்பதே அடிப்படை விதி. கடைசி ஆள் முடிவுக் கோட்டைத் தாண்டும் நேரமே அணியின் நேரம். ஆகவே முன்னால் ஓடிச் சென்று மேட்டின் உச்சியில் காத்து நிற்பவரால் அணிக்கு ஒரு நிமிடம்கூட மிச்சமாவதில்லை. நிற்கும் அவருக்குக் குளிரெடுக்கிறது, மூச்சு வாங்க வந்து சேரும் உங்களுக்கோ ஓய்வே கிடைப்பதில்லை.

சனிக்கிழமைக் காலை முதல் ஏற்றத்திலேயே உங்கள் பையிலுள்ள தண்ணீரையும் கனமான பொருள்களையும் வலியவர்களுக்கு மாற்றிவிடுங்கள். இதற்கு நீங்கள் கூச வேண்டியதே இல்லை. அனுபவமிக்க அணிகள் களைப்புத் தட்டும்வரை காத்திராமல் தொடக்கத்திலேயே இதைச் செய்கின்றன. அடுத்தது இழுகயிறு. இரண்டு மூன்று மீட்டர் நீளமுள்ள, இழுத்தால் நீளும் நாடா ஒன்றை முன்னால் செல்பவரின் பையில் கட்டி, மறுமுனையைச் சட்டென்று கழற்றக்கூடிய கொக்கியால் உங்கள் இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டும். நாடா விறைத்தும் இல்லாமல் தரையிலும் தொங்காமல், இலேசாக இழுபட்டபடி இருப்பதே சரியான நிலை. இறக்கத்திலும் கற்கள் நிறைந்த பாதையிலும் உடனே கழற்றிவிட வேண்டும். மிதிவண்டியிலும் இப்படி இழுக்கலாம். ஆனால் அதை வாகனமில்லாத சமதளச் சாலையில் பழகாமல் பந்தயத்தில் முயல்வது விபத்தில் முடியும்.

சாப்பாட்டையும் பழக வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை நால்வரும் நடந்தபடியே ஏதாவது உண்ண வேண்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்ற அளவு பெரும்பாலோருக்கு ஒத்துவரும். எரிச்சலும் பேச்சின்மையும் பெரும்பாலும் பசியின் அறிகுறிகளே என்பதால், ஒருவர் முகம் சுண்டினால் காரணம் கேட்பதற்கு முன் கையில் தின்பண்டத்தைக் கொடுங்கள். காலில் உறுத்தல் தெரிந்தால் அதைக் கொப்புளமாக விடாமல், அப்போதே நின்று ஒட்டுப்பட்டை போட்டுக்கொள்ளச் சொல்லும் துணிவு நால்வருக்கும் வேண்டும்.

கேள்வி: நான் ஓரியண்டரிங் (வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு வழி கண்டு ஓடும் விளையாட்டு) பழகியவன். அந்த வரைபடங்களில் தவறாத திசை, டோப்போ50 என்ற நியூசிலாந்து நிலவரைபடத்தோடு காட்டுக்குள் போனால் தவறிப்போகிறது. எங்கள் அணியின் வரைபடப் பொறுப்பு என்னுடையது. பயிற்சியில் எதைச் சரிசெய்வது?
— ஒரு வாசகர், ஹாமில்டன், நியூசிலாந்து

பதில்: உங்கள் திறமையில் குறையில்லை. ஓரியண்டரிங் வரைபடங்களைக் காந்த வடக்கை, அதாவது திசைகாட்டி முள் காட்டும் வடக்கை வைத்தே வரைகிறார்கள், டோப்போ50 அப்படியன்று. நியூசிலாந்தின் வடக்குத் தீவில் திசைகாட்டி முள் அந்த வரைபடத்தின் வடக்கிலிருந்து சுமார் 20 பாகை கிழக்கே விலகி நிற்கும். இதைக் கழிக்காமல் நடந்தால் ஒரு கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 350 மீட்டர் தள்ளிப்போய்விடுவீர்கள். தமிழ்நாட்டில் இந்த விலகல் மிகச் சிறியது என்பதால் அங்கே பழகியவர்களுக்கு இது தோன்றாமலே போகலாம். சரியான அளவு வரைபடத்தின் ஓரத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். வட அரைக்கோளத்துக்கென்று செய்த திசைகாட்டியின் முள் நியூசிலாந்தில் சாய்ந்து உரசும், உள்ளூரிலேயே வாங்குங்கள்.

பயிற்சியின் சனிக்கிழமை இரவை வரைபடத்துக்கே கொடுங்கள். 1:50,000 அளவில் ஒரு சென்டிமீட்டர் என்பது 500 மீட்டர். சம உயரக் கோடு ஒவ்வொன்றும் 20 மீட்டர் ஏற்றம். நெற்றி விளக்கின் வட்டத்துக்கு அப்பால் மலைமுகடே தெரியாத நேரத்தில், காலடியில் உணரும் ஏற்றத்தையும் எண்ணிக்கொண்டே வைத்த அடிகளையும் கொண்டுதான் இருக்குமிடத்தை அறிய முடியும். செக்பாயிண்டை (அணி தொட்டுச் செல்ல வேண்டிய இடத்தை) நேரே குறிவைக்காமல், அதற்கு அருகிலுள்ள ஓடைச் சந்திப்பு போன்ற தவறவிட முடியாத ஓரிடத்தை முதலில் அடைந்து, அங்கிருந்து அளந்து செல்லுங்கள். உங்களுக்குப் பின்னால் வரும் ஒருவர் இரண்டாம் வரைபடத்தைத் தனியாகப் பார்த்து வர வேண்டும். அவர் ஐயம் எழுப்பினால் அணி நிற்க வேண்டும். வேகமாகத் தவறான பள்ளத்தாக்கில் இறங்குவதைவிட இரண்டு நிமிடம் நிற்பது எவ்வளவோ மேல்.

கேள்வி: பந்தயத்துக்கு முன் பயிற்சி எடுக்கும் வார இறுதியில் ஆற்றைக் கடக்கவும் பழகிக்கொள்ளலாமா?
— ஒரு வாசகர், நெல்சன், நியூசிலாந்து

பதில்: தெரிந்த பயிற்சியாளர் உடனிருந்தால் மட்டும், முழங்கால் அளவு நீரில் பழகலாம். நீரோட்டத்துக்கு இணையாக ஒரே வரிசையில் நின்று, ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவரின் முதுகுக்கும் பைக்கும் இடையே கையை நுழைத்துப் பட்டையைப் பற்றிக்கொள்ள வேண்டும். வலிமை மிக்கவர் நீர் வரும் பக்கம் நிற்பார். நீர் பழுப்பாக ஓடினாலோ, மரக்கட்டைகள் மிதந்து வந்தாலோ, அடியில் கற்கள் உருளும் ஓசை கேட்டாலோ இறங்கவே கூடாது. நியூசிலாந்தின் மலையாறுகள் மழை நின்றதும் பெரும்பாலும் விரைவில் வடிந்துவிடும் என்பதால் கரையில் கூடாரமடித்துக் காத்திருங்கள், அல்லது வந்த வழியே திரும்புங்கள்.